மலையேறத் திணறும் பிக்அப் வண்டி: டர்போவை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மேட்டுப்பாளையத்தில் கோழி எரு ஏற்றிக்கொண்டு நீலகிரி மலைப்பாதையில் ஏறும் பிக்அப் வண்டி, சென்ற மாதம் வரை மூன்றாவது கியரில் ஏறிய வளைவில் இப்போது முதல் கியர் கேட்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் எழவில்லை. பின்னால் கரும்புகை கிளம்புகிறது. மறுநாள் அதே வண்டியில்தான் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகள் மண்டிக்கு இறங்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேரும் சரக்குக்கு என்ன விலை கிடைக்கும் என்பது காய்கறி விவசாயிகளுக்குத் தெரியும்.

இப்படி நின்ற வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் முதலில் வரும் பதில், 'டர்போ போயிடுச்சு, மாத்தணும்' என்பதுதான். டர்போ பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. ஆனால், இழுவை குறைந்த எல்லா வண்டிகளிலும் டர்போ கெட்டிருப்பதில்லை. கிழிந்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளாம்ப், அடைத்த ஏர் ஃபில்டர், எலி கடித்த சிறு குழாய் ஆகியவையும் இதே அறிகுறியைக் காட்டும். இலை மஞ்சளானதும் யூரியா போடுவதும், இழுவை குறைந்ததும் டர்போ மாற்றுவதும் ஒன்றுதான். தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேர் அழுகலா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து.

டர்போ என்ன செய்கிறது?

கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையை டீசல் இன்ஜினில் டர்போ செய்கிறது. அதிகக் காற்றைத் திணித்தால் அதிக டீசலை எரிக்கலாம். அதிக சக்தி கிடைக்கும். இந்தத் துருத்தியை இயக்குவது, இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை. புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது, இன்ஜினிலிருந்து வரும் ஆயிலின் மெல்லிய படலம்.

காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். அதனால், வண்டியின் முன்பக்கம் ரேடியேட்டர்போல இருக்கும் இன்டர்கூலர் வழியாக அந்தக் காற்று போய், குளிர்ந்த பிறகே இன்ஜினுக்குள் நுழைகிறது. ஏர் ஃபில்டர், டர்போ, ரப்பர் குழாய், இன்டர்கூலர், மீண்டும் ரப்பர் குழாய், இன்ஜின்... காற்றின் வழி இதுதான். இந்த வழியில் எங்கே அடைப்பு வந்தாலும், எங்கே ஓட்டை விழுந்தாலும் இழுவை குறையும்.

சொட்டுநீர் போட்ட விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால், கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை. அப்போது யாரும் உடனே மோட்டாரை மாற்றுவதில்லை. ஃபில்டரில் அடைப்பா, குழாயில் உடைப்பா என்றுதான் பார்க்கிறார்கள். டர்போவுக்கும் அதே வரிசைதான்.

சமவெளியில் மறையும் கோளாறு மலையில் தெரிவது ஏன்?

பாரம் இல்லாமல் சமதரையில் போகும்போது டர்போவுக்குப் பெரிய வேலை கிடையாது. கோளாறு இருந்தாலும் தெரியாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவதும் டர்போதான். பாரம், ஏற்றம், மெல்லிய காற்று மூன்றும் சேரும் இடத்தில், டர்போ பக்கம் உள்ள சிறு பழுதுகூடப் பெரிதாகத் தெரியும். 'கீழே நல்லா ஓடுது, மேலே ஏறும்போதுதான் திணறுது' என்று விவசாயி சொல்வது மெக்கானிக்குக்கு முக்கியமான துப்பு.

முதலில், இது இன்ஜின் கோளாறுதானா?

கிளட்ச் தேய்ந்திருந்தால், இன்ஜின் சத்தம் ஏறும். வண்டியின் வேகம் ஏறாது. கருகல் வாடையும் வரும். டர்போ கோளாறில் இன்ஜின் சுற்றே ஏறத் தயங்கும். இந்த வித்தியாசத்தை முதலில் கவனிக்க வேண்டும்.

பிரேக் பிடித்தபடியே இருந்தாலும் வண்டி இழுக்காது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் (தொடக் கூடாது), பிரேக் பிடித்திருக்கும் சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கும். டயரில் காற்று குறைவு, அனுமதித்த எடைக்கு மேல் பாரம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரமான எருவுக்கும் காய்ந்த எருவுக்கும் மூட்டை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், எடை ஒன்றல்ல.

புகை சொல்லும் சேதி

கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று போய்ச் சேரவில்லை. ஏர் ஃபில்டர், குழாய், இன்டர்கூலர், இஜிஆர் வால்வு, டர்போ ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். இன்ஜெக்டர் கெட்டாலும் கரும்புகை வரும்.

புகை இல்லை; ஆனால் இழுவையும் இல்லை: டீசல் போதுமான அளவு போகவில்லை, அல்லது வண்டியின் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறது.

நீலப்புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் வழியாகவோ, பிஸ்டன் ரிங் வழியாகவோ ஆயில் உள்ளே போகிறது.

இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை: எரியாத டீசல், அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிவது. தண்ணீர் அளவு குறைந்துகொண்டே வந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

பிஎஸ் 6 வண்டிகளில் சைலன்சர் பாதையில் உள்ள கரி வடிகட்டி, புகையைப் பிடித்துவிடும். அதனால், காற்று குறைந்தாலும் கரும்புகை வெளியே தெரியாமல் போகலாம். அந்த வண்டிகளில் புகையை மட்டும் நம்பக் கூடாது.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

1. ஏர் ஃபில்டர்: நெல் அறுவடைக் களம், தென்னைநார் மில், கோழிப்பண்ணை என்று தூசியில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கு போதாது, பாதியிலேயே ஃபில்டர் அடைத்துவிடும். தொழுவத்தின் ஓரம் நிறுத்தும் வண்டிகளில், ஃபில்டர் பெட்டிக்குள் எலி வைக்கோலைக் கொண்டுவந்து கூடு கட்டுவதும் உண்டு. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அழுத்தம் குறைந்த காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அடிக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். 'ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம்' என்ற யோசனை வேண்டாம். உள்ளே போகும் மணல், டர்போவின் இறக்கைகளை அரித்துவிடும்.

2. ரப்பர் குழாய்களும் கிளாம்ப்களும்: இன்ஜின் ஆறிய பிறகு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் குழாய்களை அடிப்பக்கம் உட்பட விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது மட்டும் விரியும் வெடிப்பு, கண்ணுக்குத் தெரியாது. கிளாம்ப் ஓரத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால், அங்கே காற்று கசிகிறது. ஏற்றத்தில் 'உஸ்' என்ற சத்தம் புதிதாகக் கேட்பதும் இதற்கு அடையாளம்.

3. இன்டர்கூலர்: முன்பக்கம் இருப்பதால் கல்லடி படும். வெளியே சேறும் பூச்சிகளும் அடைத்தால் காற்று குளிராது. ஓட்டை இருக்கிறதா என்று அறிய, பட்டறையில் காற்றுப் பாதையின் வாயை அடைத்து, சுமார் 1 பார் அழுத்தத்துக்கு மிகாமல் காற்று செலுத்தி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். பஞ்சர் பார்ப்பதுபோல, கசியும் இடத்தில் குமிழி வரும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் முழு அழுத்தத்தையும் அப்படியே கொடுத்தால், குழாய் கழன்று முகத்தில் அடிக்கும்; சென்சாரும் கெடும். அழுத்தத்தைக் குறைக்கும் கருவி இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

4. ஆக்சுவேட்டரும் சிறு குழாய்களும்: டர்போவின் மேல் சிறிய டப்பாவும், அதிலிருந்து ஒரு கம்பியும் இருக்கும். காற்றழுத்தம் எவ்வளவு ஏறலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது இதுதான். இதற்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாயை எலி கடித்தாலோ, அது வெயிலில் வெடித்தாலோ, டர்போ நன்றாக இருந்தும் இழுவை போய்விடும். வேக்குவத்தில் இயங்கும் பல வண்டிகளில், இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் இந்தக் கம்பி நகரும். நிறுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும். நகராவிட்டால் குழாய், டப்பா, கரி படிந்த நெம்புகோல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இழுவை கூடட்டும் என்று கம்பியின் நட்டைத் திருகுவது கூடாது. அழுத்தம் அளவு மீறினால் இன்ஜினே பழுதாகும்.

5. டீசல் ஃபில்டர்: ஸ்டார்ட் ஆகும்போது நன்றாக இருந்து, ஏற்றத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சக்தி வடிந்தால், புகையும் இல்லாமல் இருந்தால், டீசல் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். டிராக்டருக்காக பேரலில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்கு பிக்அப்பில் ஊற்றுவது கிராமங்களில் நடக்கிறது. பேரலின் அடியில் நிற்கும் தண்ணீரும் துருவும் ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை, கையேட்டில் சொன்னபடி வடித்துவிட வேண்டும்.

6. இஜிஆர் வால்வு: புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு இது. கரி படிந்து திறந்தபடியே நின்றுவிட்டால், நல்ல காற்றுக்குப் பதில் புகை உள்ளே போகும். குறைந்த வேகத்தில் திணறலும் கரும்புகையும் சேர்ந்து வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

7. சைலன்சர் பாதை: புகை வெளியேற முடியாவிட்டால் டர்போ சுழலாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிக்குப் பிறகு, பல டீசல் பிக்அப்களில் கரி வடிகட்டி இருக்கிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சர் போதிய சூடாகாது. கரி எரியாமல் சேர்ந்து அடைக்கும். இதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் உள்ளபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் தொடர்ந்து ஓட்டி, கரியை எரியவிட வேண்டும். அந்த நேரத்தில் சைலன்சர் கடுமையாகச் சூடேறும். வைக்கோல், சருகு, காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, தீப்பிடிக்கும்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது?

காற்றழுத்தம் எதிர்பார்த்த அளவு வராவிட்டால், வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். சிலநேரம் சாவியை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் இழுவை திரும்பும். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் போய்விடும். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும்.

அப்போது ஸ்கேனர் போட்டால், 'பி 0299' என்ற குறி வரக்கூடும். இதைக் காட்டி, 'டர்போ கெட்டுப்போச்சு, மெஷினே சொல்லுது' என்று சொல்லும் இடங்கள் உண்டு. உண்மையில் அந்தக் குறியின் பொருள், 'வர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை' என்பது மட்டும்தான். ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. காய்ச்சல் 102 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டுவதுபோலத்தான் இதுவும். டைஃபாய்டா, டெங்குவா என்பது அதற்குத் தெரியாது. குறியை அழித்துவிட்டு அனுப்புவதும் வைத்தியம் அல்ல.

ஸ்கேனரின் நல்ல பயன் வேறு. வண்டியை ஏற்றத்தில் ஓட்டியபடி, கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, உண்மையில் வரும் அழுத்தம் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓட்டுபவர் ஒருவர், திரையைப் பார்ப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போனால், காற்றுப் பக்கம் குறை இல்லை. டீசல் பக்கம் தேட வேண்டும்.

கடைசியாக, டர்போ

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினால் சிறிய சக்கரம் தெரியும். இறக்கைகளின் ஓரம் உடைந்தோ மழுங்கியோ இருக்கக் கூடாது. விரலால் சுற்றினால் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். தண்டை மேலும் கீழும் அசைத்தால் மிகச் சிறிதளவு ஆட்டம் இருக்கும், அது இயல்பு. ஆயில் படலம் நிற்க வேண்டிய இடைவெளி அது. ஆனால், முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. இறக்கை சுற்றுச்சுவரில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. சைரன் ஊதுவதுபோன்ற சத்தம், இன்டர்கூலருக்குள் தேங்கி நிற்கும் ஆயில் ஆகியவை டர்போ பழுதை உறுதிப்படுத்தும். குழாயின் உட்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது மட்டும் பழுது அல்ல.

டர்போவை மாற்றுவது என்று முடிவானால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: பழையது ஏன் கெட்டது? ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருக்கலாம். ஆயில் திரும்பும் குழாயோ, இன்ஜின் பிரீதரோ அடைத்திருக்கலாம். ஆயில் மாற்றாமல் காலம் கடத்தியிருக்கலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய டர்போ போட்டால், வாடல் நோய் உள்ள மண்ணில் அதே ரகக் கன்றை மறுபடியும் நட்ட கதைதான். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றி, இன்டர்கூலரில் உள்ள உலோகத் துகள்களைச் சுத்தம் செய்து, புதிய டர்போவுக்குள் ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு நிலை

டர்போ சீல் முழுதாகப் போனால், இன்ஜின் தன் ஆயிலையே எரித்து, தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அலறல் சத்தமும் அடர்ந்த புகையும் வரும். அப்போது பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை விடாமல் கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். அது முடியாவிட்டால் இறங்கித் தூரம் விலகிவிட வேண்டும். பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் அடைக்க முயலக் கூடாது. கை உள்ளே இழுக்கப்படும். இன்ஜின் வெடித்துச் சிதறவும் கூடும். நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீலப்புகையும் ஆயில் குறைவும் தெரிந்த நாளிலேயே வண்டியை ஓரங்கட்டினால், இந்த நிலை வராமல் தடுக்கலாம்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

*மலையேறி முடித்ததும் இன்ஜினை உடனே அணைக்கலாமா?*

கூடாது. ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்க வேண்டும். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் திடீரென நின்றால், தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், அரை நிமிடமாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இருப்பதும் நல்லது.

*எந்த ஆயிலை ஊற்றினாலும் ஒன்றுதானே?*

இல்லை. கையேட்டில் உள்ள தரக்குறியீடு உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். கரி வடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. டிராக்டருக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருப்பதை இதில் ஊற்றக் கூடாது.

*கரி வடிகட்டியைக் கழற்றிவிட்டால் இழுவை கூடும் என்கிறார்களே?*

சட்டப்படி தவறு. தகுதிச் சான்று, புகைச் சோதனை ஆகியவற்றிலும் சிக்கல் வரும். அடைப்புக்கான மூல காரணமும் அப்படியே இருக்கும்.

*ரீகண்டிஷன் டர்போ வாங்கலாமா?*

லட்சம் சுற்று சுழலும் தண்டுக்கு, எடைச் சமநிலை மிக முக்கியம். இயந்திரத்தில் பேலன்சிங் பார்த்துத் தரும் இடத்தில், உத்தரவாதத்தோடு வாங்கலாம். பழைய உறையில் புது உள்பாகம் மட்டும் பொருத்திக் கொடுப்பதை வாங்குவது நஷ்டம்.

*பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?*

எந்தக் கியரில், எவ்வளவு பாரத்தில், எந்த ஏற்றத்தில் திணறுகிறது. புகை என்ன நிறம். புதுச் சத்தம் உண்டா. திடீரென வந்ததா, மெல்ல மெல்லக் குறைந்ததா. ஆயிலும் ஃபில்டரும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. திடீரென வந்தது என்றால் குழாய் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். மெல்லக் குறைந்தது என்றால் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம். டர்போவை மாற்றினால், கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இறக்கை உடையாமல், முன்பின் ஆட்டம் இல்லாமல், உரசிய தடமும் இல்லாமல் இருந்தால், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று பொருள். பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது நல்லது.